பழுதான புரதமும் ஆறாத முதுகுவலியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முதுகுவலி அறியாத வீடு அரிது. செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் நடுவதும் களையெடுப்பதும் அறுவடை செய்வதும் குனிந்தபடியே நடைபெறும் வேலைகள். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளின் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்குவோர் நிலையும் அதுவே. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திற்கும் சிமெண்ட் ஆலைக்கும் இடையே லாரி ஓட்டுவோரின் இடுப்பு எலும்புகள் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே வலி வந்தால் அதனை 'வேலை செய்த வலி' என்று கொண்டு, தைலம் தேய்த்து, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி, மறுநாள் வேலைக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது.

பெரும்பாலானோருக்கு அது உண்மையிலேயே வேலையால் வந்த வலிதான். ஓய்வில் தணியும், சில வாரங்களில் மறையும். மிகச் சிலருக்கு மட்டும் அவ்வாறு மறைவதில்லை. படுத்தாலும் குறையாது, இரவில் விழிக்கச் செய்யும், வாரங்கள் மாதங்களாகும். அதனுடன் காரணம் தெரியாத அசதி, படியேறினால் மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சல், மிகுந்த தாகம், மலச்சிக்கல் ஆகியவற்றுள் ஒன்றிரண்டு சேர்ந்திருக்கும். சிறிய தடுமாற்றத்திலும் விலா எலும்போ முதுகெலும்போ முறியும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் இக்குறிகள் தென்பட்டால், 'மல்டிபிள் மைலோமா' என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் காரணமாக இருக்கலாமோ என்று மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். குடும்பத்தாரும் எண்ணிப் பார்ப்பது நல்லது. வலியை வேலையின்மீது சுமத்திவிடுவதால் இந்நோய் பலரிடம் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறது.

இந்நோய்க்கு இன்று தரப்படும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று 'போர்டெசோமிப்' என்னும் ஊசி மருந்து. அது புற்றணுவைக் கொல்லும் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் ஊசி போட்டுக்கொள்பவரின் பாதம் ஏன் மரத்துப்போகிறது, கிரீன் டீ குடிக்கவேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள், வலி மாத்திரையை ஏன் தடுக்கிறார்கள் என்று வீட்டிலுள்ளோர் கேட்கும்போது அந்த ஒற்றை வரி போதுவதில்லை. அம்மருந்தின் கதை, நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இடைவிடாது செய்துவரும் ஒரு கழிவகற்றும் வேலையில் தொடங்குகிறது.

உயிரணு, அதாவது செல், தன் வேலைகளில் பெரும்பகுதியைப் புரதங்களைக் கொண்டே செய்துகொள்கிறது. இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுவதால் புரதம் உருவாகிறது. கோக்கும் கருவியின் பெயர் ரைபோசோம். அதன் நுண்ணமைப்பை வெளிப்படுத்தியதற்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவரான வெங்கி இராமகிருஷ்ணன், அரியலூர் மாவட்டத்தின் கிழக்கெல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர்.

மாலை கோத்து முடிந்ததும் புரதம் ஆகிவிடுவதில்லை. அது தனக்குரிய வடிவில் மடியவேண்டும். அந்த வடிவம் அமைந்தால்தான் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் தன் இடத்தில் பொருந்தி வேலை செய்யும். அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை ஒரு வரைபடத்தில் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர். 1963இல் வெளியான அந்த வரைபடத்தை 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகெங்கும் வழங்குகின்றனர். புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியானதா என்று சோதிக்க இன்றும் அதனையே எடுத்து வைத்துப் பார்க்கின்றனர். நம் மாநிலத்தில் பிறந்த அறிவியல் பங்களிப்புகளுள் இதனளவு அன்றாடப் புழக்கத்தில் உள்ளது வேறொன்று உண்டா என்பது ஐயமே.

மடிப்பு எப்போதும் சரியாக அமைவதில்லை. மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கலாம். கோக்கும்போது பிழை நேரலாம். வெப்பமோ நச்சோ தாக்கியிருக்கலாம். முட்டையின் வெண்கரு வேகும்போது தெளிந்த நீர்மம் வெண்மையாக இறுகுவதைக் காண்கிறோம். அதிலுள்ள புரதங்கள் வெப்பத்தால் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதன் தோற்றமே அது. புரதத்தின் உட்புறத்தில் மறைந்திருக்கவேண்டிய பகுதிகள் தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்த்தன்மை கொண்டவை. மடிப்புக் குலைந்தால் அவை வெளியே தெரியும். அருகில் எது வந்தாலும் பற்றிக்கொள்ளும். எனவே மடிப்புத் தவறிய ஒரு புரதம் தன் வேலையைச் செய்யாமல் விடுவதோடு நிற்பதில்லை. நல்ல நிலையிலுள்ள பிறவற்றையும் தன்னோடு இழுத்துக் கட்டியாக்குகிறது.

இதற்கு நம் ஊரில் ஓர் ஒப்புமை உண்டு. அறுவடையான வெங்காயத்தை விலை வரும்வரை பட்டறையில் சேமித்து வைக்கும் உழவர்கள் அறிவார்கள்: அழுகிய காய் ஒன்று உள்ளே கிடந்தால் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றையும் அழுகச் செய்துவிடும். ஆகவே உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கி எறியும் கை எப்போதும் வேண்டும். உயிரணுவும் அப்படிப்பட்ட கைகளை வைத்திருக்கிறது.

முதலில் வருவன துணைப் புரதங்கள். மடிப்புத் தவறியதைப் பிடித்து மீண்டும் சரியாக மடிய இவை வாய்ப்பளிக்கும். உடல் வெப்பம் ஏறும்போது இவற்றுட் பலவற்றை உயிரணு மிகுதியாகச் செய்துகொள்கிறது. இவற்றாலும் திருத்தமுடியாததை அழிப்பதே அடுத்த வழி. அழிக்கவேண்டிய புரதத்தின்மீது 'யூபிக்விட்டின்' என்னும் சிறு புரதம் ஓர் அடையாளமாக ஒட்டப்படும். எழுபத்தாறு அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய பொருள் அது. ஒன்று ஒட்டினால் போதாது. அதன்மேல் மற்றொன்று, அதன்மேல் இன்னொன்று என்று சங்கிலியாகச் சேரவேண்டும். எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் நொதிகள் மட்டும் மனித உயிரணுக்களில் அறுநூறு வகைக்கு மேல் உள்ளன.

அடையாளம் பெற்ற புரதம் 'புரோட்டியசோம்' என்னும் பீப்பாய் வடிவக் கலனிடம் செல்கிறது. அதன் நடுப்பகுதி, வளையத்திற்கு ஏழு உறுப்புகளாக நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது. வெட்டும் பற்கள் பீப்பாயின் உட்புறத்தில் மட்டுமே உள்ளன, வாயில் குறுகலானது. இருமுனைகளிலும் உள்ள மூடி, யூபிக்விட்டின் சங்கிலியை அடையாளங்கண்டு, அதனைக் கழற்றி மறுபயன்பாட்டிற்கு விடுவித்து, புரதத்தின் மடிப்பை அவிழ்த்து நூல்போல் உள்ளே செலுத்துகிறது. உள்ளே அது சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. துண்டுகள் பின்னர் அமினோ அமிலங்களாகப் பிரிந்து புதுப் புரதம் கோக்க உதவுகின்றன. வெட்டும் இடம் இவ்வளவு மறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது திறந்தவெளியில் இருக்குமாயின் நல்ல புரதமும் மிஞ்சாது.

இதனைக் கண்டறிந்த கதையில் ஒரு புதிர் உண்டு. வயிற்றில் உணவைச் செரிக்கும் நொதிகளுக்கு உயிரணுவின் ஆற்றல் தேவையில்லை. புரதத்தைச் சும்மாவே உடைத்துவிடும். உயிரணு தனது சொந்தப் புரதத்தை உடைக்கும்போது மட்டும் ஆற்றலைச் செலவிடுகிறது என்பது 1950களிலேயே தெரிந்திருந்தது. உடைப்பதற்கு ஏன் செலவு? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பணியாற்றிய ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரன் சியச்சனோவர் ஆகியோரும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த எர்வின் ரோஸும் முயலின் இளஞ்சிவப்பணுக்களிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் விடை கண்டனர். உடைப்பதற்கு மட்டுமன்று அச்செலவு. எதை உடைப்பது என்று தேர்ந்து அடையாளமிடுவதற்கும் ஆற்றல் வேண்டும். 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

பீப்பாய்க்குள் நுழையாத பெரிய கட்டிகளையும் பழுதடைந்த உள்ளுறுப்புகளையும் உயிரணு வேறொரு வழியில் பைபோல் சூழ்ந்து செரித்துக்கொள்கிறது. அவ்வழியை ஈஸ்ட்டில் ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இவ்விரு வழிகளும் தளரும்போது நரம்பணுக்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்கின்றன. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களின் ஆராய்ச்சி இன்று பெரிதும் இதனையே சுற்றி நிகழ்கிறது. அது தனியே எழுதத்தக்கது. நாம் மைலோமாவிற்குத் திரும்புவோம்.

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்றோர் உயிரணு உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களைச் செய்து இரத்தத்திற்குள் அனுப்புவதே அதன் ஒரே தொழில். நொடிக்கு ஆயிரக்கணக்கில் அது உற்பத்தி செய்கிறது. மைலோமாவில், இத்தகைய ஒரு செல் கட்டுப்பாடிழந்து பெருகி, ஒரே வகையான, பயனற்ற எதிர்ப்புரதத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. மஜ்ஜையில் இடம் நெருக்குண்பதால் சிவப்பணு உற்பத்தி குறைந்து இரத்தசோகை வருகிறது. எலும்பு அரிக்கப்பட்டு அதிலுள்ள கால்சியம் இரத்தத்தில் கலக்கிறது. தாகமும் மலச்சிக்கலும் அதனால் வருவன. எதிர்ப்புரதத்தின் சிறு துண்டங்கள் சிறுநீரகக் குழாய்களில் படிந்து அடைக்கின்றன. இத்துண்டங்களை 1840களிலேயே இலண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரு நோயாளியின் சிறுநீரில் கண்டார். சிறுநீரைச் சூடாக்கும்போது திரிந்து, கொதிக்கும்போது கரைந்து, ஆறியதும் மீண்டும் தோன்றும் விந்தைப் பொருள் என்று அது அறியப்பட்டது. வழக்கமான சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் இத்துண்டங்கள் தென்படாமல் போகலாம். 'யூரின் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்' என்று சொல்லும் குடும்பத்தார் இதனை மனத்திற்கொள்ளவேண்டும்.

இனி அந்தப் புற்றணுவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளியே அனுப்பவேண்டிய புரதங்களை மடிப்பதற்கு உயிரணுவில் தனியே ஒரு சவ்வுப் பின்னல் உண்டு. அங்கு மடிப்புத் தவறியவை பின்னோக்கி வெளியே இழுக்கப்பட்டு, யூபிக்விட்டின் ஒட்டப்பட்டு, புரோட்டியசோமிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இவ்வளவு வேகமாக உற்பத்தி செய்யும் இடத்தில் பழுதும் மிகுதியாகவே விழும். ஆக, உடலின் பிற உயிரணுக்களைக் காட்டிலும் மைலோமா செல்லுக்குக் கழிவகற்றும் கலன் ஒரு கணமும் நில்லாமல் ஓடவேண்டியிருக்கிறது. பட்டறையில் குவியல் பெரிதாக இருந்து, அழுகல் பொறுக்கும் கை நின்றுபோனால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும்.

போர்டெசோமிப் செய்வது அதைத்தான். பீப்பாய்க்குள் நுழைந்து, வெட்டும் பல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் மூலக்கூறில் உள்ள போரான் அணு அப்பிடிப்புக்கு உதவுகிறது. போரான் என்றதும் பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் வெண்காரம் நினைவிற்கு வரலாம். அதிலும் போரான் உண்டுதான். ஆனால் இம்மருந்துக்கும் அதற்கும் மருத்துவத்தில் எவ்வுறவும் இல்லை. வெண்காரம் கலந்த எதனையும் இந்நோய்க்கென உட்கொள்ளலாகாது. மருந்து ஒட்டிக்கொண்டதும் பழுதான புரதங்கள் குவிகின்றன, மடிப்பறை திணறுகிறது, பிழைத்திருக்கத் தூண்டும் சில சமிக்ஞைகளும் அணைகின்றன, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பிற உயிரணுக்களிலும் இம்மருந்து நுழைகிறது. ஆயினும் அவற்றின் குவியல் சிறிது. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மருந்தின் பிடி தளர, அவை மீண்டுகொள்கின்றன. ஊசிகளுக்கு இடையே நாட்கள் விட்டுப் போடுவதன் நோக்கமும் இதுவே.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு மே மாதம் இம்மருந்து ஒப்புதல் பெற்றது. இந்தியாவிலும் இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் போர்டெசோமிப் கிடைக்கிறது. பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையுடனும், லெனலிடமைடு அல்லது சைக்ளோபாஸ்பமைடு என்னும் மற்றொரு மருந்துடனும் சேர்த்துத் தரப்படுகிறது. உடல்நிலை இடங்கொடுப்போருக்குப் பின்னர் நோயாளியின் சொந்தத் தண்டுசெல்களைக் கொண்டே மாற்றுச்சிகிச்சை செய்யப்படுகிறது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: மைலோமாவை முற்றிலும் நீக்கிவிட்டோம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. நோயைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்க முடிகிறது. திரும்ப வந்தால் வேறு மருந்துகளும் உள்ளன.

வீட்டில் கவனிக்கவேண்டியவற்றுள் முதலாவது பாதம். நீண்ட நரம்புகளின் முனைகள் இம்மருந்தால் பாதிக்கப்படுவதால் விரல்நுனிகளிலும் உள்ளங்காலிலும் எரிச்சல், கூச்சம், மரத்துப்போதல் ஆகியன தோன்றும். இரத்தக்குழாய் வழியே செலுத்துவதைக் காட்டிலும் வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போட்டால் இத்தொல்லை குறைவு என்று 2011இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. தொல்லை தொடங்கியதுமே சொன்னால் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். 'சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ' என்று அஞ்சிப் பல நோயாளிகள் மறைக்கிறார்கள். அவ்வாறு மறைப்பதால் நரம்பின் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். வயலுக்கும் கொல்லைக்கும் வெறுங்காலுடன் செல்லவேண்டாம். சர்க்கரை நோயும் உள்ளவராயின், இரவில் பாதத்தை விளக்கொளியில் பார்ப்பதை வீட்டில் ஒருவர் தம் பொறுப்பாக ஏற்கவேண்டும். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இரண்டாவது அக்கி. சிறுவயதில் அம்மை போட்டபின் உடலில் உறங்கிக்கிடக்கும் கிருமி இச்சிகிச்சையின்போது விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கொப்புளமிடக்கூடும். அதனைத் தடுக்கவே அசைக்ளோவிர் மாத்திரை தரப்படுகிறது. 'அது எதற்கு, கூடுதல் மாத்திரை' என்று விட்டுவிடலாகாது. நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவர் வீட்டிற்குச் சென்று செங்காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம்பிக்கையுள்ளோர் எழுதிக்கொள்வதை நாம் பழிப்பதற்கில்லை. ஆனால் இச்சிகிச்சையில் உள்ளவர் அதற்கு முன்பே, கொப்புளம் கண்ட அன்றே மருத்துவமனைக்கு வந்தாகவேண்டும். காய்ச்சலும் அவ்வாறே, அதற்கு மறுநாள்வரை காத்திருக்கலாகாது.

கிரீன் டீயைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிப்பின் போரானைப் பற்றிக்கொண்டு மருந்தைச் செயலிழக்கச் செய்வதை ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கண்டு 2009இல் வெளியிட்டனர். வைட்டமின் சி மாத்திரை பற்றியும் இத்தகைய ஆய்வக முடிவுகள் உண்டு. உணவில் சேரும் நெல்லிக்காய், எலுமிச்சைக்கு அஞ்சவேண்டியதில்லை. மாத்திரையாகவோ சத்துப்பொடியாகவோ, 'எதிர்ப்பு சக்திக்கு' என்று உறவினர் வாங்கிவரும் பொட்டலமாகவோ இருந்தால், பிரிக்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் பாலில் கலந்து குடிக்கும் வழக்கமான தேநீரைப் பற்றி இத்தகைய தடை பொதுவாக விதிக்கப்படுவதில்லை.

எஞ்சியது வலி மாத்திரை. மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே புரதத் துண்டங்களோடு போராடிக்கொண்டிருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சித்திரை வெயிலில் நீரிழந்த உடலில் இரண்டும் சேர்ந்தால், சில நாட்களில் டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வரலாம். நோய் தெரிந்தவர் மட்டுமன்று, தெரியாமல் முதுகுவலிக்கு மாதக்கணக்கில் இவற்றை விழுங்கிவருபவரும் இதே ஆபத்தில் இருக்கிறார். வலிக்கு எதைக் கொள்ளலாம் என்று மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும் கொள்ளவேண்டும். நீர் அருந்தத் தடையில்லாதோர் நன்கு அருந்தவேண்டும்.

நோய் உண்டா என்று பார்க்கும் முதற்படி பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம், இரத்தத்தின் மொத்தப் புரதமும் அல்புமினும் ஆகியவை மாவட்டத் தலைநகர்களிலேயே செய்யக்கூடிய சோதனைகள். மொத்தப் புரதம் உயர்ந்து அல்புமின் தாழ்ந்திருந்தால், அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் தேடத் தொடங்குவார். அதன்பின் எலக்ட்ரோபோரசிஸ், மஜ்ஜைச் சோதனை, எலும்புப் படம் ஆகியவற்றுக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பப்படலாம். ஆறு வாரத்திற்கு மேலாகத் தணியாத முதுகுவலியோடு பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், அடுத்த முறை இங்கு வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். அவர் இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் பையில் எடுத்து வாருங்கள்.